அண்ணன் செய்யாத சீர்

செல்வி அப்பாவுக்கு,

சோறு மூடி வைத்திருக்கிறேன். கருவாட்டுக் குழம்பைச் சூடு பண்ணிச் சாப்பிடுங்கள். நான் ஒர்க்‌ஷாப் சோலைமலையிடம் நஷ்டஈடு கேட்கப் போகிறேன்.

அவர் பிரேக் பார்த்துக் கொடுத்த நம் ஜீப்பு, நீங்கள் ஓட்டி வந்தபோது குரங்கணி இறக்கத்தில் நிற்கவில்லை. வைக்கோல்போர் குறுக்கே இருந்ததால்தான் இன்று உங்களுக்குக் குழம்பு வைக்க முடிந்தது. நீங்களும் நியாயம் கேட்கப் போனீர்கள். "வாங்க மாப்ளே" என்று அவர் டீ வாங்கிக் கொடுத்ததும், தப்பு வைக்கோல்போர் மேல்தான் என்று ஒப்புக்கொண்டு வந்தீர்கள்.

நேற்று என்னிடம், "பொம்பளை போயிக் கேட்டா எங்க ஒறவு என்னத்துக்கு ஆகும்?" என்று குதித்தீர்கள். உறவுக்கு ஒன்றும் ஆகாது. நீங்கள் அவருக்கு மாப்ளே என்றால் நான் தங்கச்சி. இத்தனை வருஷத்தில் அந்த அண்ணன் எனக்கு ஒரு சீரும் செய்ததில்லை. நசுங்கிய ஜீப்பைத் தன் செலவிலேயே சரிசெய்துவிட்டு, அது ஓடாத நாட்களின் வாடகையைத் தாம்பாளத்தில் வைத்துத் தரட்டும்.

பாண்டியம்மாள்

முழங்கால் வீக்கத்துக்குத் தைலம் ஜன்னலில் இருக்கிறது. மறக்காமல் தேய்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய தாம்பாளத்தைக் காணோம் என்று தேடாதீர்கள். நான்தான் எடுத்துப் போகிறேன்.