சனிக்கிழமை பூட்டியிருந்த கதவு

என் அன்பு லேயா அக்கா,

பனிக்காலத்தில் கண்ணை மூடினீர்கள். ஏரிக்கரையில் கட்டுகிற அந்தக் கோபுரம் இப்போது எங்கிருந்து பார்த்தாலும் தெரிகிறது. "முடியட்டும், ரெண்டு பேரும் ஏறிப் பாப்பம்" என்று சொன்னது நீங்கள்தானே? நான் தனியாக ஏறமாட்டேன், சொல்லிவிட்டேன்.

விழாக்காரருக்கு நீங்கள் எழுதிப் போட்டது வீண்போகவில்லை. நகர வரலாற்று விழாவில் நாம் இருவரும் நடத்திவந்த யூத அருங்காட்சியகத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். ஜெப ஆலயத்து மாடியில் இருக்கிற இரண்டு அறைகளுக்கு விழா வரைபடத்தில் ஒரு புள்ளி! ஆனால் விழா ஒரே நாள், அதுவும் சனிக்கிழமை, உங்கள் ஓய்வுநாள். அன்றைக்கு உங்கள் ஆட்கள் விளக்குப் போடமாட்டார்கள், பேனா பிடிக்கமாட்டார்கள், காசு தொடமாட்டார்கள். இதைக்கூட யோசிக்காமல் நாள் குறித்தவர்களை என்னவென்று சொல்வது?

ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துச் சொன்னீர்கள்: "பரமேஸ், நீ யூதப் பிள்ளை இல்லை. மாடிப் பூட்டுத் திறப்பு உன்னட்டைத்தான் இருக்கு. சனிக்கிழமை எண்டாலும் நீ கதவைத் திற." நானும் ஓம் என்றேன். அந்த நேரத்தில் வேறென்ன சொல்ல முடியும்?

வெள்ளிக்கிழமை மத்தியானம் உங்கள் அண்ணன் சாமுவேல் வந்தார். "ஓய்வுநாளிலை எங்கட கதவை ஒருத்தரும் திறக்கப்படாது. திறந்தால் அம்மாவின்ரை மெழுகுதிரித் தண்டுகளைத் திங்கட்கிழமை எடுத்துக்கொண்டு போயிடுவன்" என்றார். வெள்ளி இரவுகளில் உங்கள் அம்மா மெழுகுதிரி ஏற்றிவைத்த அந்தப் பித்தளைத் தண்டுகள் இரண்டும் போனால் நம்மிடம் என்ன மிஞ்சும்? அதில் ஒன்று வளைந்திருக்கும். கீழே ஒரு சீட்டில் உங்கள் கையெழுத்தில் ஒரே வரி: "அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்தது." எப்படி வளைந்தது என்று ஆயுள் முழுக்க அண்ணனிடம் கேட்டீர்கள், அவர் வாயே திறக்கவில்லை. கப்பலில் அடிபட்டிருக்கும் என்று நீங்களே ஆறுதல் சொல்லிக்கொண்டீர்கள்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ரெண்டும் கூடப்பிறந்ததுகள். நடுவிலை நீ ஏன் நிக்கிறாய்?" என்றுவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தார். நல்ல புத்திமதி, போங்கள்!

சனிக்கிழமை போனால், மாடிக்குப் போகும் கதவுக்கு முன்னால், படியில், கறுப்புக் கோட்டோடு உங்கள் அண்ணன் உட்கார்ந்திருந்தார். நடைபாதையில் கூட்டம் சேர்ந்துகொண்டே வந்தது. சட்டையில் விழா அட்டை குத்தியிருந்த ஒருவன், "திறக்கிறீங்களோ, இல்லாட்டி உங்களை வரைபடத்திலை இருந்து எடுக்கட்டோ?" என்று கடுகடுத்தான். "பூட்டி வைக்கிறதெண்டால் எங்களை ஏன் கூப்பிட்டனீங்கள்?" என்று பின்னாலிருந்து இன்னொருவன் கத்தினான்.

திறந்தால் தண்டுகள் போய்விடும். திறக்காவிட்டால் உங்களுக்குச் சொன்ன சொல் போய்விடும். அக்கா, உங்கள் மேல் எனக்கு வந்த கோபம்! செத்துப்போய் என்னை இப்படி மாட்டிவிட்டீர்களே என்று மனதுக்குள் திட்டினேன். படியேறி, அவர் தலைக்கு மேலால் எட்டி, பூட்டில் திறப்பை நுழைத்தும்விட்டேன்.

அவர் என் கையைத் தட்டிவிடவில்லை. "திறக்காதை பிள்ளை" என்றார். "அந்தத் தண்டு ஏன் வளைஞ்சதெண்டுதானே அவள் கேட்டவள்? சொல்லுறன். கதவைத் திறக்காதை."

கூட்டத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

"ஊரிலை யூதரைத் தேடிச் சிப்பாய்மார் வீடு வீடாய் வந்தாங்கள். எங்கட கதவிலை வளையம் இருந்தது, தாழ்ப்பாள் இல்லை. அம்மா ஒரு தண்டை வளையத்துக்குள்ளை செருகினா. அப்பா கதவிலை முதுகைக் குடுத்து நிண்டார். கைக்குழந்தை லேயாவைத் தூக்கிக்கொண்டு அம்மா பின் ஜன்னலாலை இறங்கினா. மற்றத் தண்டோடை நான் பின்னாலை குதிச்சன். அடுத்த நாள் அம்மா போய் அப்பாவைப் புதைச்சுப்போட்டு, வளைஞ்சு கிடந்த தண்டை எடுத்துக்கொண்டு வந்தா. அப்பா காய்ச்சலிலை செத்தவர் எண்டுதான் லேயாவுக்குச் சொன்னனாங்கள். அவங்கள் கதவை இடிச்ச சத்தம் என்ரை காதோடை போகட்டுமெண்டு நினைச்சன்."

ஒரு பெண் வந்து படியில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் திறப்பை உருவிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன். பிறகு வந்தவர்கள் கேட்கக் கேட்க, பின்னேரம் வரை அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். விழா அட்டைக்காரன் போகும்போது, "வரைபடத்திலை இருக்கட்டும்" என்றான்.

தண்டுகள் இரண்டும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. ஆனால் அக்கா, ஊரெல்லாம் கேட்டதை நீங்கள் மட்டும் கேட்கவில்லையே. அதை நினைத்தால் எனக்கு அழுகை வருகிறது, அவர் மேல் ஆத்திரமும் வருகிறது. ஒரு பனிக்காலம் முந்தி அந்த வாயைத் திறந்திருக்கக் கூடாதா?

சரி, இது என் வாக்கு. அடுத்த விழாவிலும் சனிக்கிழமை அந்தக் கதவு பூட்டித்தான் இருக்கும். நான் படியில் நிற்பேன். அவர் இருக்கும்வரை அவர் சொல்வார், பிறகு நான் சொல்வேன். உங்கள் அப்பா காய்ச்சலில் போகவில்லை அக்கா. நீங்கள் ஜன்னலால் வெளியே போகும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

திறப்பைப் பத்திரமாக வைத்திருக்கும்
உங்கள் தங்கச்சி,
பரமேஸ்