நாலு சால் கிழங்கு

குவைத்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள அமிர்தத்துக்கு,

நான் நலம். நீயும் சுபஸ்ரீயும் நலமா? அப்பாவுக்கு இருமல் நின்றதா?

போன் உடைந்துவிட்டது, அதனால்தான் நாலு நாளாகப் பேசவில்லை. பயப்படாதே. பைப் புதைக்கப் பள்ளம் வெட்டினோம். ஓரத்தைச் சரிவாக வெட்டினால் இடம் வீண் என்று மேஸ்திரி நேராக வெட்டச் சொன்னார். ஓரம் சரிந்து முழங்கால் வரை மண் மூடிவிட்டது. உடனே இழுத்துவிட்டார்கள். பிறகு எல்லோரும் சிரித்தோம்.

அன்றிலிருந்து நம் மேட்டு நிலம்தான் கண்ணில் நிற்கிறது. சரிவுக்குக் குறுக்கே நீ கோடை முழுக்கச் சுமந்து போட்ட மண்கரையை, மரவள்ளிக்கு நாலு உழவுசால் கூடக் கிடைக்குமே என்று போன லீவில் நான்தான் வெட்டிச் சமமாக்கினேன்.

"நாலு சாலு போனா போவட்டுங்க. மேல்மண்ணு போச்சுன்னா இன்னா பண்ணுவீங்க?" என்றாய். இடம் வீண் என்று நானும் கத்தினேன்.

கிழங்கு கூடுதலாக வந்தது உண்மைதான், அந்த ஒரு வெள்ளாமைக்கு மட்டும். கிழங்கு பிடுங்கி இளகிக் கிடந்த மண்ணை ஒரே மழை ஓடைக்குக் கொண்டுபோய்விட்டது. பாறை தெரிகிறது என்று நீ சொன்னபோது பேச்சை மாற்றினேன்.

கரையை மறுபடி போடு. ஆறு சால் போனாலும் போகட்டும். ஆள் வைத்துக்கொள், தனியாகச் சுமக்காதே. கரைமேல் வெட்டிவேர் நட்டுவிடு.

இதைக் கொண்டுவரும் சின்னசேலத்துக்காரர் திரும்பும்போது வலித் தைலம் கொடுத்தனுப்பு. பெரிய பாட்டிலாக வாங்கு, இடுப்புக்கும் வேண்டும். சுபஸ்ரீ வரைந்த படம் ஏதாவது இருந்தால் அதையும் வை.

அவர் கிளம்பிவிட்டார். அடுத்த லீவில் நான் கேட்டாலும் மண்வெட்டியை என் கையில் கொடுக்காதே.

தீனதயாளன்