மனேஜரின் இடது கண்

மார்ச் 4, திங்கள்

கடைப் பூனையின் இடது கண் புகை படிந்த கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. பெயர் மனேஜர். காய்ந்த செத்தல் மிளகாய் விற்கிற என் மொத்தக் கடையில் எலிக்கு நஞ்சு வைக்க முடியாது, அவன்தான் பார்க்க வேண்டும். மற்ற நேரமெல்லாம் என் மேசையில், கல்குலேட்டருக்குப் பக்கத்தில் படுக்கை. என் கண் ஒப்பரேஷனுக்குத் தந்த சொட்டு மருந்து பாதிப் போத்தல் மிச்சம் இருந்தது. காசு கொடுத்து வாங்கியது, வீணாக்குவானேன்? இரண்டு சொட்டு விட்டேன்.

மார்ச் 6

இன்றும் விட்டேன். இன்னும் மோசம். கண்ணைத் திறக்கிறான் இல்லை. மீனையும் தொடவில்லை.

மார்ச் 7, வியாழன்

கடையைப் பூட்டிவிட்டு த்ரீவீல் ஓட்டோவில் பாமன்கடை மிருக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். மிருக வைத்தியர் நதீஷா. சின்ன வயது. கண்ணில் ஏதோ சாயம் விட்டு நீல லைட் அடித்தார். கருவிழி நடுவில் பச்சையாக ஒரு குழி மின்னியது. புண்.

"என்ன மருந்து விட்டனீங்கள்?"

போத்தலைக் காட்டினேன்.

"அங்கிள், இதில ஸ்டெரொயிட் இருக்கு. உங்கட கண்ணுக்குச் சரி. புண் உள்ள கண்ணை இது இன்னும் கரைக்கும்."

திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசித் தப்பியிருப்பேன்.

"கண்ணு போயிருமா டொக்டர்?"

"ஓட்டை விழுந்தா எடுக்கத்தான் வேணும். இன்னும் விழேல்லை."

பிறகு செய்தாரே, அதுதான் வித்தை! அவன் கழுத்திலிருந்து கொஞ்சம் இரத்தம் எடுத்து மெஷினில் சுற்றவிட்டார். மேலே தெளிந்து நின்ற மஞ்சள் நீர்தான் மருந்தாம். கிருமிக்கு வேறு சொட்டு. இரண்டையும் இரண்டு மணிக்கொரு தரம் விட வேண்டும். எத்தனை வருச வியாபாரம் என்னுடையது! இறக்குமதி இல்லை, தரகர் இல்லை, அவன் சரக்கு அவனுக்கே — இப்படி ஒன்றை நான் கண்டதில்லை.

ஆனால் மருந்து ஃபிரிஜ்ஜில் இருக்க வேண்டும். மிளகாய்த் தூள் பறக்கிற இடத்தில் பூனை இருக்கவே கூடாது. என்னிடம் ஃபிரிஜ் இல்லை. கடைக்கு மேலே படுக்கிற எனக்கே தினமும் தும்மல்.

மார்ச் 8

கண் ஆறும்வரை அவனை வைத்திருந்து மருந்து விட முடியுமா என்று பக்கத்துத் தையல் கடை அஸீஸாவிடம் கேட்டேன். மாடியில் வீடு, ஃபிரிஜ் உண்டு. சொட்டு விடும் விதத்தைக் காட்டப் போனேன், கையைத் தட்டிவிட்டார்.

"மொளகா கையோட புள்ளட கண்ணத் தொடுவீங்களா முதலாளி? போங்க, போய் யாவாரத்தப் பாருங்க."

துண்டுத் துணியில் அவனைப் பார்சல் மாதிரிச் சுற்றினார், தலை மட்டும் வெளியே. தலைக்குப் பின்னாலிருந்து கை வந்தது. சொட்டு விழுந்தது. மருந்து விட்டது அவனுக்கே தெரியாது. என்ன கை அது!

மார்ச் 19

நோன்பு. பெருநாள் உடுப்புக்கு ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். அப்படியும் அஸீஸா ஒரு சொட்டுத் தவறவில்லை. என் கடையில் எலி சாக்கைக் கடிக்கிறது. கடிக்கட்டும்.

மார்ச் 26

மறுபடி சாயம், மறுபடி லைட். பச்சை இல்லை! வெள்ளைத் தழும்பு நிற்குமாம், பார்வை இருக்கிறது.

"ஆர் அங்கிள் மருந்து விட்டது? பிழையே இல்லை."

"நான் இல்ல" என்றேன்.

திரும்பக் கடையில் விடலாமா என்று கேட்டேன். தலையை ஆட்டினார், இல்லை என்று. அந்தக் கண்ணுக்கு மிளகாய்த் தூள் இனி ஒருபோதும் ஆகாதாம்.

ஏப்ரல் 6, சனி

மேசையில் கல்குலேட்டர் மட்டும். மாலையில் அஸீஸாவின் கடைக்குப் போனேன். தையல் மெஷின் மேல் படுத்திருந்தான். இரண்டு கண்ணாலும் என்னைப் பார்த்தான். எழும்பவில்லை.

"கொண்டுபோகவா வந்தீங்க?" அஸீஸா கையிலிருந்த ஊசியை நிறுத்திவிட்டார்.

"இல்ல. பேசி முடிக்க வந்தேன்."

முடித்தது இப்படி: மனேஜர் இனி அங்கேதான். மீன் செலவு முழுக்க என்னுடையது. நான் எப்போதும் வந்து பார்க்கலாம், சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கை கழுவிய பிறகு.