கேட்காமல் ஓடிய டர்பைன்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மச்சான் எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகம். தங்கைக்கு முதுகு வலி தேவலையா? அந்த உடைந்த நாற்காலியை முதலில் தூக்கிப் போடச் சொல்லுங்கள்.

நீங்கள் பேட்டரி நிலையத்துக்கு மாறிப் போனதிலிருந்து இங்கே டர்பைன் நிலையத்தில் ஈ ஓட்டுகிறோம். முன்பு ஊரே விளக்குப் போடும் நேரத்தில் கண்ட்ரோல் ரூமிலிருந்து போன் வரும். நாம் இரண்டு பேரும் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடி, இருபது நிமிடத்தில் டர்பைனைக் கிளப்பிவிடுவோம். இப்போது உங்கள் பேட்டரிப் பெட்டிகள் பகல் வெயிலின் கரண்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, சாயங்காலம் கண் மூடித் திறப்பதற்குள் கொடுத்து நல்ல பேர் வாங்கிவிடுகின்றன. எனக்கு வயிற்றெரிச்சல்தான், மறைப்பானேன். "அவரு சட்டையில இப்பல்லாம் எண்ணெயே படறதில்லண்ணா" என்று தங்கை போனில் சொன்ன அன்று எனக்கு யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை மாலை, லைன் தடுமாறுவதைக் காட்டும் மீட்டரில் முள் இறங்கியது. போன் வராமல் டர்பைனைத் தொடக்கூடாது என்பது எனக்குத் தெரியாததா? ஒரே ஒரு தடவை உங்களை முந்திவிட வேண்டும் என்று நானாகவே கிளப்பினேன். அது லைனில் சேர்வதற்குள் உங்கள் பேட்டரிகள் முள்ளைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட்டன. நான் கொடுத்த கரண்ட் மிச்சமாகிப்போக, அதையும் அவையே குடித்துவிட்டனவாம்.

கண்ட்ரோல் ரூம்காரர், "யாரைக் கேட்டு ஓட்டினீங்க?" என்றார். பேட்டரி சூடாகிவிட்டது, ஓட்டுங்கள் என்று மாப்பிள்ளைதான் போனில் சொன்னார் என்றேன், வாய் கூசாமல். எழுதிக் கேட்டார்கள், கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

நேற்று தங்கை அழுதுகொண்டே கூப்பிட்டாள். வேலை நிரந்தரமாகிற நேரத்தில் உங்களுக்கு விசாரணை வந்திருக்கிறதாம். யார் போட்டுக் கொடுத்தார்கள் என்று உங்களுக்கே தெரியவில்லை என்றாள். அண்ணன் மேலிடத்தில் பேச வேண்டும் என்று என்னையே கெஞ்சினாள். மாப்பிள்ளை, விசாரணைத் தாளோடு நான் எழுதிக் கொடுத்ததையும் உங்களுக்கு அனுப்பியிருப்பார்கள். என் கையெழுத்தைப் பார்த்துவிட்டும் நீங்கள் அவளிடம் சொல்லவில்லை. உங்கள் வேலையைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். இப்போது உங்களைப் பார்த்தே பொறாமையாக இருக்கிறது.

நான் சொன்னது பொய். நீங்கள் போன் செய்யவே இல்லை. இந்தக் கடிதத்தை அப்படியே விசாரணையில் கொடுத்துவிடுங்கள். எனக்கு என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டாம்.

நீங்கள் அந்த வேலையில் நிலைத்து நன்றாக இருக்க வேண்டும். கடிதத்தைக் கொடுப்பதற்கு முன் தங்கையிடம் காட்டிவிடுங்கள். அவள் என்ன சொன்னாள் என்று எழுத வேண்டாம். திட்டுவதற்காவது ஒரு தடவை என்னைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்