சின்ன வட்டத்துக்குச் சுற்று அதிகம்

மார்ச் 4

அக்காவுக்கு,

இல்லை, பைத்தியமெல்லாம் பிடிக்கவில்லை. போன் பக்கத்தில் இருந்தால் கருவி வீணாகக் கத்துகிறது. அதனால் அணைத்து டிரங்குப் பெட்டிக்குள் போட்டுவிட்டேன். இனிமேல் கடிதம் எழுது.

கருவி என்றால், மண்ணுக்குள் உலோகம் இருந்தால் சத்தம் போடுவது. அதன் மின்சுற்றை ஒரு ரேடியோ மெக்கானிக் செய்து கொடுத்தார். தரையைத் தடவும் வட்டக் கம்பிச்சுருள், காயில் என்பார்கள், அது என் வேலை. பலகையில் வட்டம் போட்டு, வட்டத்தைச் சுற்றி ஆணி அடித்து, ஆணிகளுக்கு வெளியே எனாமல் கம்பியைச் சுற்றி, நூலால் இறுகக் கட்டி எடுக்க வேண்டும். மோட்டார் கடையில் பத்து வருடமாகச் செய்வதுதான். "உங்கப்பா கிடைக்கிறதுக்குள்ள என் கடைக் கம்பி தீந்துடும்டா" என்றார் முதலாளி. சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அப்பா ஆற்றங்கரையில் செருப்பை விட்டுவிட்டுப் போய்ப் பதினான்கு மாதம். வெள்ளம் வடிந்ததும் போலீஸ் நான்கு நாள் தேடியது. வண்டலுக்குள் யாரும் தேடவில்லை. தொடையில் எஃகுத் தகடு இருக்கிறதே அக்கா. என் வண்டியில் விழுந்து உடைந்த கால். உடம்பு மக்கினாலும் தகடு மக்காது.

அதன் நீளம் என்ன? திருகு எத்தனை? எக்ஸ்ரே உன்னிடம்தானே இருந்தது. அளவு தெரிந்தால் காயிலைச் சரியாகச் சுற்றலாம்.

தம்பி


மார்ச் 12

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் வந்தது. கையெழுத்து இன்னும் பள்ளிக்கூடத்துக் கையெழுத்தாகவே இருக்கிறது.

சாப்பிடுகிறாயா? ஈரத்தில் நின்றால் உனக்குச் சளி பிடிக்கும். எக்ஸ்ரேயைத் தேட வேண்டும். வீடு மாறியபோது எந்த மூட்டையில் போயிற்றோ.

அப்பா என்னோடு இருந்த இரண்டு மாதத்தை நினைத்துக்கொண்டேன். எந்தப் பூட்டுக்கும் சேராத அந்த ஆறு சாவியை வைத்துக்கொண்டு என் பீரோவைத் திறக்கப் பார்ப்பார். "பூட்ட மாத்திட்டியா?" என்று கோபம் வேறு. தூங்கும்போதும் சாவிக்கொத்து இடுப்பை விட்டு இறங்காது.

அப்பாவின் காலைப் பற்றி யோசிக்காதே.

அக்கா


ஏப்ரல் 3

அக்காவுக்கு,

இப்போதிருப்பது நான்காவது காயில். நாற்பது சென்டிமீட்டர் வட்டம், பதினேழு சுற்று. பெரிய வட்டம் ஆழத்தைப் பார்க்கும், சின்னச் சாமானைக் கவனிக்காது. எனக்கு அதுதான் வேண்டும். முதல் காயில் சின்னது. ஆணிக்கும் பாட்டில் மூடிக்கும் அழுது, ஒரு முழ நிலம் தாண்ட ஒரு நாள் ஆனது.

தகட்டின் அளவு தெரியாததால் கரண்டிக் காம்பு ஒன்றை மண்வாளியில் புதைத்துச் சரிபார்க்கிறேன். கரண்டியை நம்பி அப்பாவைத் தேடுகிறேன். நீ சிரிப்பாய்.

இதுவரை கிடைத்தவை: ஒரு மண்வெட்டித் தலை, சைக்கிள் செயின், பாதிப் படகு நங்கூரம்.

அப்பா போன அன்று காலை, அவசர மோட்டார் ஒன்று என்று கடைக்கு ஓடினேன். கதவைத் தாழிட்டேனா இல்லையா என்பது இன்றுவரை நினைவில்லை. கை தாழ்ப்பாளுக்குப் போனது மட்டும் நினைவிருக்கிறது.

எக்ஸ்ரே?

தம்பி


ஏப்ரல் 11

அன்புள்ள தம்பிக்கு,

எக்ஸ்ரே கிடைக்கவில்லை.

போதுமே. நீ வேலைக்குப் போய், வேளைக்குத் தூங்கி, ஒரு மனிதனாக இருந்தால் எனக்குப் போதும். மண்ணில் இருப்பது எதுவும் அப்பா இல்லை.

இதற்கு முன் நான்கு பக்கம் எழுதிக் கிழித்துவிட்டேன்.

அக்கா


மே 19

அக்காவுக்கு,

முதலாளி என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். கோபமில்லை, இப்போது பகல் முழுக்க எனக்கே.

கரையைக் கயிறு கட்டிப் பத்தி பத்தியாகப் பிரித்திருக்கிறேன். நாற்பத்தொரு பத்தி முடிந்தது. பத்தொன்பது பாக்கி. மழைக்கு முன் முடிக்க வேண்டும். கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை. கல்லில் கட்டுகிறேன், கல் நகர்ந்துவிடுகிறது. நீ ஒரு வாரம் வருவாயா?

கிடைத்தால் என்ன செய்வேன் என்று கேட்பாய். தெரியாது. விபத்துக்குப் பிறகு அப்பாவின் அந்தக் காலை ஒரு தடவைகூட நான் நேராகப் பார்த்ததில்லை. முதலில் பார்ப்பேன்.

தம்பி


மே 28

தம்பி,

இதோடு ஒரு சின்னப் பொட்டலம் இருக்கிறது. கடிதத்தைப் படித்த பிறகு பிரி.

அப்பா இங்கே இருந்தபோது தகட்டைச் சுற்றிச் சீழ் வைத்தது. மருத்துவர் எடுத்துவிடலாம் என்றார். எலும்பு எப்போதோ கூடியிருந்தது. பழைய தழும்பின் மேலேயே கீறியதால் வெளியே தெரியவில்லை. கையெழுத்துப் போட்டது நான். அப்பா சொன்னார்: "சின்னவனுக்குச் சொல்லாதே. மறுபடியும் அந்த வண்டியையே நெனச்சுக்கிட்டுக் கெடப்பான்." எல்லாவற்றையும் மறந்த பிறகும் அதை மட்டும் மறக்காமல் தினம் கேட்டார்: "சொல்லலையே?"

அப்பா போனபோது அவர் காலில் எதுவும் இல்லை.

மார்ச்சிலேயே எழுதியிருக்க வேண்டும். தேடுவதற்கு ஒன்று இருக்கிறது என்பதால்தான் நீ காலையில் எழுகிறாய் என்று நினைத்தேன். அதைப் பிடுங்க எனக்குக் கை வரவில்லை.

அக்கா


ஜூன் 7

அக்காவுக்கு,

தகடு வந்தது. பன்னிரண்டு சென்டிமீட்டர். எட்டுத் திருகு.

மண்வாளியில் புதைத்துக் காயிலைக் காட்டினேன். உடனே கத்தியது. காயிலில் குறை இல்லை.

அப்பாவிடம் இருந்த உலோகம் அந்தச் சாவிக்கொத்து மட்டும். அதற்குச் சின்னக் காயில் வேண்டும். நான் சின்னதை மார்ச்சிலேயே கழற்றிப் போட்டுவிட்டேன். பெரியதைத் தூக்கிக்கொண்டு நாற்பத்தெட்டுப் பத்தி நடந்திருக்கிறேன். அந்த ஆறு சாவியின் மேல் எத்தனை முறை நடந்தேனோ. நடக்கவே இல்லையோ. இனி அது தெரியாது.

நீ எனக்கு நல்லது நினைத்தாய். அப்பாவும். தெரிகிறது. தெரிவதால் ஒன்றும் குறையவில்லை.

பத்து சென்டிமீட்டர் வட்டத்துக்கு முப்பத்தேழு சுற்று வரும். சின்ன வட்டத்துக்குச் சுற்று அதிகம். நேற்று உட்கார்ந்தேன். பன்னிரண்டுக்கு மேல் எண்ண முடியவில்லை.

கொஞ்ச காலம் எழுதாதே.

தம்பி


ஜூன் 16

தம்பி,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

உன் முதல் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காய் நறுக்கும் பலகையில் வட்டம் போட்டேன். ஆணி அடித்தபோது கீழ்வீட்டுக்காரர் வந்து, "சுவத்துல படம் மாட்டறீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். கம்பி இங்கேயும் ஒரு மோட்டார் கடையில் கிடைத்தது. எதற்கு என்று அவர்கள் கேட்கவில்லை.

இருபத்தொன்பதில் எண்ணிக்கை தப்பியது. தோராயமாகப் போகலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். அவிழ்த்தேன். இரண்டாம் முறை சத்தமாக எண்ணினேன். முப்பத்தேழு. நூல் கட்டியது கோணல்தான். நீ அவிழ்த்து உன் கையால் கட்டிக்கொள்.

மழை வந்துவிட்டது என்று செய்தியில் சொன்னார்கள். ஆறு ஏறுவதற்குள் எத்தனை பத்தி முடியுமோ அத்தனை, மறுபடி முதல் பத்தியிலிருந்து தேடுவோம். எதுவும் கிடைக்காமல் போகலாம். கிடைத்தாலும் நீ என்னை மன்னிக்க வேண்டும் என்றில்லை. கயிற்றின் மறுமுனையை நான் பிடிக்கிறேன். கதவைத் திறக்காவிட்டால் நேரே கரைக்கு வந்துவிடுவேன்.

அலுவலகத்தில் லீவு எழுதிக் கொடுத்தேன். காயிலை ஒரு பழைய சட்டையில் சுற்றிப் பையில் வைத்தேன். போனை அணைத்துப் பீரோவுக்குள் போட்டுப் பூட்டினேன்.

அக்கா