தோணி கட்டும் கொப்பு

1936 ஆவணி 9

பட்டினம் வாவிக்கரைவரை வந்துவிட்டது. பங்களாக்கள் கட்டுவதற்காகக் கரையோரக் கண்ணா மரங்களை வெட்டி, மண் நிரப்பப் போகிறார்களாம். இன்று சர்வேயர் முளை அடித்தார். அங்கே இறால் பிடித்துப் பிழைக்கும் கந்தவனம் அவரை மறித்தான். எல்லை வழக்கில் என்னைத் தோற்கடித்தவன். அவன் முகத்தில் நான் விழிப்பதில்லை.

"காய்ந்த தரைதானே, உனக்கென்ன?" என்றார் சர்வேயர்.

"உங்கட தோளுக்கு நேர தேய்ஞ்சிருக்கிற கொப்பைப் பாருங்க ஐயா. மாரிக்கு அதிலதான் தோணி கட்டுற நாங்க. இஞ்ச வீடு கட்டினா அடுப்படிக்கும் தோணியிலதான் போகணும்."

சர்வேயர் கயிற்றுத் தழும்பைத் தடவிப் பார்த்தார். பிறகு முளைகளைப் பிடுங்கச் சொன்னார்.

வேறொருவரை அனுப்புவார்கள், தெரியும். ஆனால் படித்தவர்கள் பத்துப் பேர் அங்கே நின்றோம். ஒருவரும் மரத்தைப் பார்க்கவில்லை. கெட்டிக்காரன்தான். அவனிடம் சொல்லமாட்டேன்.