அன்று நான் உங்களைப் பிடித்திருக்கக் கூடாது

பாசமுள்ள அத்தானுக்கு,

நீங்கள் கண்ணை மூடி ஐந்து மாதம் ஆகிறது. நான் குடியை விட்டு ஒன்பது மாதம். இரண்டையும் சேர்த்துச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது.

ஜவுளிக்கடையில் என்னைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். பாளையங்கோட்டையில் தனி அறை. கடை விட்டால் போவதற்கு இடமில்லை. பழைய சேக்காளிகளிடம் போனால் குடிக்க வேண்டும், புதுச் சேக்காளி பிடிக்கிற வயதா இது? பஸ் ஸ்டாண்டில் கொஞ்ச நேரம் நின்று, விக்கிரமசிங்கபுரம் பஸ் கிளம்புவதைப் பார்த்துவிட்டு அறைக்கு வந்துவிடுகிறேன். இப்போதைய டிரைவர்களுக்கு உங்கள் மாதிரி ஹாரன் அடிக்கத் தெரியவில்லை.

அந்தப் பஸ்ஸில் ஏறிப் போய் அக்காவிடம் ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை நாளாக வாய் வரவில்லை. மாதம் ஒருமுறை போகிறேன். எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, நீங்கள் சிகிச்சையைப் பாதியில் விட்டு ஓடிவந்ததைத்தான் சொல்லுகிறாள். "நீ இருந்தே, பொழைச்சே. அவுகளுக்கு எங்க மேல பிரியம் இருந்தா இருந்திருக்க மாட்டாகளா?" என்கிறாள். உங்களுக்காக அவள் இன்னும் ஒழுங்காக அழக்கூட இல்லை, அத்தான். நான் தலையைக் குனிந்து சாப்பிடுகிறேன்.

குடிமறப்பு இல்லத்தில் நாம் இரண்டு பேரும் சேர்ந்த இரண்டாவது வாரம் அது. வகுப்பெடுக்க ஜெபா அம்மா வருவாரே, பாயில் படுக்கச் சொல்லிவிட்டு, உள்ளங்காலில் என்ன தெரிகிறது, வயிற்றில் என்ன தெரிகிறது என்று கேட்பாரே. நீங்கள் என் காதருகே, மத்தியானச் சோறுதான் தெரிகிறது என்று சொல்லிச் சிரிக்கவைத்தீர்கள். அப்புறம் உங்களுக்கு வலது கால் தெரிந்தது.

அந்தக் காலின் கதை நம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வந்த மனிதர் சட்டென்று குறுக்கே திரும்ப, நீங்கள் பிரேக்கை மிதித்தும் பஸ் நிற்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. உங்கள் மேல் தப்பில்லை என்று கோர்ட்டு விட்டுவிட்டது. கால் விடவில்லை. தூக்கத்திலும் சுவரை மிதித்துக்கொண்டே கிடப்பீர்கள். அது மரத்துப்போகட்டும் என்றுதான் குடித்தீர்கள்.

அன்றைக்குப் பாயில் படுத்திருந்தபோது அந்தக் கால் நடுங்க ஆரம்பித்தது. நடுக்கம் இடுப்புக்கு வந்தது, தோளுக்கு வந்தது, பல் கிட்டியது. நம் சாத்தா கோயில் கொடைத் திருவிழாவில் வருஷாவருஷம் சாமியாடியின் இடுப்பைப் பிடித்துத் தாங்குகிறவன் நான். யாருக்கு உடம்பு ஆடினாலும் என் கை தானாகப் போய்விடும். எழுந்து உங்களைக் கட்டிப்பிடித்துத் தூக்கினேன். சட்டைப்பையில் இருந்த திருநீற்றை நெற்றி நிறையப் பூசி, வந்திருப்பது யார் என்று கேட்டேன். சுற்றிப் படுத்திருந்தவர்கள் எல்லாம் எழுந்து கும்பிட்டார்கள். ஒரு பெரியவர், மகளுக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று குறி கேட்டார். தொடாதீர்கள், தொடாதீர்கள் என்று ஜெபா அம்மா கத்தியது அந்தச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை.

நீங்கள் கண்ணைத் திறந்தீர்கள். நடுக்கம் நின்றுவிட்டது. கும்பிட்ட கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தீர்கள்.

சாயங்காலமே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். வாசல் வரை வந்து கெஞ்சினேன். "ஒருத்தனைக் கொன்னவன் மேல எந்தச் சாமி வே வரும்? என்னைப் போயி கும்பிடுதானுவளே" என்றீர்கள். அதன் பிறகு குடியை நிறுத்தவே இல்லை, நாலாவது மாதம் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். அன்று நான் செய்தது தப்பு என்றுகூட எனக்கு விளங்கவில்லை. சாமி வந்ததைத் தாங்க மாட்டாமல் போகிறார் என்றே நினைத்தேன். எப்பேர்ப்பட்ட மடையன் பாருங்கள்.

போன மாதம்தான் விளங்கியது. இன்னமும் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போகிறேன். சின்ன வயதில் அப்பா அடிக்க வரும்போது தோளைத் தூக்கிக் கழுத்தை ஒளித்துக்கொள்வேனே, அந்தத் தோள் அன்று தானாக ஆட ஆரம்பித்தது. யாரும் என்னைத் தொடவில்லை. கால் மணி நேரம் ஆடிவிட்டு அதுவாக ஓய்ந்தது. குழந்தை மாதிரி அழுதேன். எழுந்தபோது தோள் கீழே இறங்கியிருந்தது, நாற்பது வயதில் முதல் தடவையாக.

"பயந்த அன்னைக்கு அடக்கி வச்சதை ஒடம்பு இப்ப இறக்குது. பாதியில யாரும் பிடிச்சிரக் கூடாது" என்றார் ஜெபா அம்மா.

அவர் உங்கள் பெயரைச் சொல்லவில்லை. எனக்குத்தான் கேட்டது. அன்று என் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்திருந்தால் உங்கள் காலும் ஓய்ந்திருக்குமோ? நீங்கள் இருந்திருப்பீர்களோ? ஜெபா அம்மாவிடம் கேட்டேன். தெரியாது என்றுதான் சொன்னார். அந்தப் பதிலோடு அறையில் தனியாக இருப்பது ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது, அத்தான். குடிக்கலாம் என்றுகூட இரண்டு தடவை தோன்றியது. குடிக்கவில்லை.

வருகிற ஞாயிறு வகுப்புக்குப் போக மாட்டேன். முதல் பஸ்ஸிலேயே அக்காவிடம் போகிறேன். நீங்கள் ஓடிவரவில்லை, நான்தான் துரத்தினேன் என்று முழுக்கச் சொல்லிவிடுவேன். இது சத்தியம். அதற்கப்புறம் அவள் எனக்குச் சோறு போடாமல் போகலாம், முகத்தில் முழிக்காதே என்று சொல்லலாம். எனக்கென்று மிச்சமிருக்கிற ஒரே வீடு அதுதான். இருந்தாலும் போகிறேன். அவள் என்னைத் திட்டித் தீர்த்துவிட்டு, உங்களுக்காக ஒரு தடவை வாய்விட்டு அழட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பெண்டாட்டியின் தம்பி,
உங்களைப் பிடிக்கக் கூடாத நேரத்தில் பிடித்த மச்சினன்